பத்தாம் இடத்தில் உப்பு

அருஷா
5 பிப்ரவரி 2001

அன்புத் தங்கை சொமோயே பிந்தி மசூதுக்கு அண்ணன் தாவூதியின் ஸலாம்.

அல்லாஹ்வின் கருணையால் நலமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் இம்மலைக் குளிரோடு வழக்காடிக்கொண்டிருக்கிறது. உன் இருமல் தணிந்ததா? உப்பளத்துப் பெண்கள் நாற்பத்தொருவரும் நலந்தானா? லிண்டியில் மழை இறங்குமுன் அம்பாரங்களுக்கு ஓலை வேய்ந்துவிட்டீர்களா?

பயிற்சி தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. ஏழு நாடுகளிலிருந்து இருபத்துநான்கு அரசு அலுவலர்கள் வந்திருக்கிறார்கள். நாடுகள் தமக்குள் வணிகம் செய்வதற்கான விதிகளைக் கற்று, அண்டை நாடுகளோடு ஒரே சந்தையாக இணைவது எவ்வாறு என்று பழகுகிறோம். எனக்கு அடுத்த மூத்தவருக்கு வயது நாற்பத்தொன்று. ஆகவே எல்லாரும் என்னைப் பெரியவர் என்கிறார்கள். ஓய்வுக்கு எட்டு மாதமே இருக்கையில் அமைச்சகம் என்னை அனுப்பியது ஏன் என்று நீ கேட்பாய். வரவேண்டியவருக்குக் கால் முறிந்தது. பேருந்துச் சீட்டு வீணாகக் கூடாதென்று என் பெயரை எழுதினார்கள். பிறர் வரைந்த தாள்களை இருபத்தாறு ஆண்டுகள் பிழைதிருத்தியவனுக்கு இதுவே முதல் பயிற்சி.

ஒரு நாட்டுக்குக் காட்டும் சலுகையை மற்ற நாடுகளுக்கும் காட்ட வேண்டும் என்பது முதல் விதி. அதைக் கேட்டபோது, நிறுவையை நேராகப் பிடிக்கச் சொல்லும் இறைவசனம் நினைவுக்கு வந்தது. இரண்டாம் பாடம், ஒரு பொருள் எந்நாட்டில் பிறந்தது என்று நிறுவுவது. மலாவி நாட்டு சிக்கொண்டி என்னும் இளைஞன் என் காதருகே சொன்னான்: “பெரியவரே, நடுக்கடல்ல பிடிச்ச மீனுக்கு எந்த ஊருன்னு கேக்குறாங்க. அந்த மீனே யோசிச்சிருக்காது.” பயிற்றுநர் முலெங்கா அம்மையார் சாம்பியாவிலிருந்து வந்தவர். கண்டிப்பானவர் என்றாலும் அவரும் சிரித்துவிட்டார்.

வாப்பா வைத்த வழக்கப்படி மூன்றடி எழுதுகிறேன். நான்காவதை நீ முடி.

மேகம் மலைமேல் மேயுமிடம் வந்தேன்;
தாகம் தணியாத் தனிப்பாடம் கொண்டேன்;
மோகம் இலேன்நான், முதற்பெயர் வேண்டேன்;

துஆவுடன்,
தாவூதி


லிண்டிக் கரை
19 பிப்ரவரி

மரியாதைக்குரிய அண்ணனுக்கு சொமோயேயின் ஸலாம்.

இருமல் போய்விட்டது. ஓலை வேய்ந்தாயிற்று. முழங்காலுக்குக் கிராம்பெண்ணெய் தேயுங்கள், கூச்சப்பட்டுக்கொண்டு நொண்டாதீர்கள்.

நான்காம் அடி இதோ: ஆகும் பணிமுடித்து அன்போடு மீள்க.

மூன்றாம் அடியை நான் நம்பவில்லை. பெயரை வேண்டாதவர் அதைப் பாட்டில் சொல்லிக்கொண்டிருக்கமாட்டார்.

உங்கள் கடிதத்தை வழக்கம்போல் உறை பிரிக்காமல் அம்பாரக் கொட்டகைக்குக் கொண்டுபோய் அனைவர் முன்னிலையிலும் உரக்கப் படித்தேன். மீன் கதையை ஸம்தா இருமுறை படிக்கச் சொன்னாள். பிறகு அவளே கேட்டாள்: “மீனுக்கு ஊர் தேடுறது இருக்கட்டும். நம்ம உப்புக்கு என்ன செய்றாராம், கேட்டு எழுது.”

ஆகவே எழுதுகிறேன். வடக்கு எல்லையில் சுங்கத்தை எடுத்துவிடப் போவதாக வானொலியில் சொன்னார்கள். அயல்நாட்டு உப்பு பெரும் ஆலைகளில் அரைத்து, மாவைப்போல் வெண்மையாக வருகிறது. சுங்கம் இல்லையென்றால் தலைநகர வணிகர் எங்கள் பழுப்பு உப்பைத் திரும்பியும் பாரார். ஒவ்வொரு நாடும் சில பொருள்களைக் காத்துக்கொள்ளலாம் என்றும், அதற்கொரு பட்டியல் உண்டென்றும் சொல்கிறார்கள். பட்டியல் எழுதும் இடத்தில் எங்களுக்கென்று இருப்பவர் நீங்கள் ஒருவரே.

அன்புடன்,
சொமோயே


அருஷா
2 மார்ச்

அன்புத் தங்கைக்கு ஸலாம். உனக்கும் கொட்டகையில் கேட்டிருப்போருக்கும் இறைவன் நல்லுடல் தருவானாக.

ஸம்தாவிடம் சொல். அத்தகைய பட்டியல் உண்டு. நம் நாட்டோடு சேர்த்து மூன்று அண்டை நாடுகள் தமக்குள் சுங்கத்தை நீக்கவிருக்கின்றன. ஒவ்வொரு நாடும் பத்தே பத்துப் பொருள்களுக்கு மட்டும் சுங்கத்தை வைத்துக்கொள்ளலாம். ஜூன் பதினைந்தாம் நாள் இவ்வூரிலேயே பட்டியல்களை முத்திரையிட்டு மூடுகிறார்கள். பிறகு ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது. எங்கள் அமைச்சகத்தின் முன்வரைவை எழுதும் பணி என்னிடமே வந்திருக்கிறது. அதில் முதலிடத்தில் உப்பை எழுதியிருக்கிறேன். இதை உரக்கப் படிக்கலாம்.

திங்கள் முதல் பேரப் பயிற்சி தொடங்குகிறது. எதிரெதிரே அமர்ந்து, மெய்யான கூட்டத்தில் போலவே ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெற வேண்டும். பயிற்சித் தாளும் மெய்த்தாளும் ஒரே வடிவில் இருக்க வேண்டும் என்பது முலெங்கா அம்மையாரின் கட்டளை. “விளையாட்டுன்னு தாள்ல எழுதிட்டா, கையும் விளையாட ஆரம்பிச்சுடும்,” என்கிறார்.

நீ தந்த உப்புத் தகரம் உணவுமேசையில் என் முன் இருக்கிறது. எல்லாரும் கேட்டு வாங்குகிறார்கள்.

அன்புடன்,
தாவூதி


அருஷா
24 மார்ச்

என் தங்கை சொமோயேவுக்கு ஸலாம். நீ நலமாக இருக்க வேண்டுகிறேன். என் நலத்தைக் குறித்து இன்று எழுத மனமில்லை.

அஞ்சலகத் தொலைபேசியில் சொன்னால் ஊர் முழுதும் கேட்கும் என்பதால் எழுதுகிறேன்.

பேரப் பயிற்சியில் எனக்கு எதிரே கென்யாவின் கட்ஸோ என்ற பெண் அமர்ந்தாள். கூர்மையானவள். நம் கருவாட்டுக்கும் தேனுக்கும் தன் நாட்டுக் கதவைத் திறப்பதாகச் சொன்னாள். “அதுக்குப் பதிலா எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும் பெரியவரே. உப்பை விட்டுக் குடுங்க,” என்றாள். நான்கு நிமிடத்தில் விட்டுக்கொடுத்தேன், சொமோயே. விளையாட்டுத்தானே என்று கொடுத்தேன். இரண்டு கதவுகளை ஒரு திறவுகோலால் திறந்தவர் என்று அனைவரும் கைதட்டினார்கள். முலெங்கா அம்மையார் என் தாளைச் சுவரில் ஒட்டினார். என் முன்வரைவைப் பார்த்தெழுதி, உப்பை எடுத்துவிட்டு, கடைசியில் வேறொன்றைச் சேர்த்துப் பத்தும் நிறைத்த அழகிய தாள் அது.

திங்களன்று எங்கள் இயக்குநர் இவ்வூருக்கு வந்தார். சுவரின் முன் நின்று நெடுநேரம் படித்தார். “தாவூதி, இது உங்க வேலையா? இருபத்தாறு வருஷமா உங்கள எந்த அலமாரில வெச்சிருந்தோம்?” என்று கேட்டு, தாளைச் சுவரிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். “இதுவே நம்ம முன்வரைவு. ஜூன்ல நீங்களும் என்கூட உக்காருங்க.”

இது பயிற்சித்தாள் என்ற இரண்டு சொற்களுக்கு அவர் எனக்குப் போதிய நேரம் தந்தார். தேநீர் முழுதும் குடித்துவிட்டுத்தான் போனார். நான் அவருடைய கோப்பையில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூனுக்கு முன் எவ்வாறேனும் சரிசெய்ய முயல்வேன். இதைக் கொட்டகையில் படிப்பதும் படிக்காமல் விடுவதும் உன் விருப்பம்.

கையெழுத் தொன்று கதவைக் கடந்தது;
மெய்யுரை நாவின் மடியில் கிடந்தது;
பொய்யுரை இன்றியே பொய்யும் நடந்தது;

தாவூதி


லிண்டிக் கரை
28 மார்ச்

அண்ணனுக்கு ஸலாம்.

மழை பிடித்துக்கொண்டது. ருஃபிஜி ஆற்றில் படகுத்துறை மூழ்கி, அஞ்சல் வண்டி அக்கரையிலேயே நிற்கிறது. விமானத்தில் போகும் மருத்துவத்தாதி ஒருத்தியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் மார்ச் இரண்டாம் நாள் கடிதம் ஆறு பெருகுவதற்கு முன்பே வந்துவிட்டது.

முதலிடத்தில் உப்பு என்ற வரியை மூன்று முறை படிக்க நேர்ந்தது. ஸம்தா எழுந்து நின்று, “நம்ம ஆளு எழுதிட்டாருடி. இனி சேறு எவ்வளவு ஆழமா இருந்தா என்ன,” என்றாள். மறுநாளே அலையாத்தி ஓரத்தில் பன்னிரண்டு புதுப் பாத்திகளுக்கு வரப்புக் கட்டத் தொடங்கிவிட்டோம். மழையில் மண் இளகியிருக்கிறது. உலர்ந்தால் மண்வெட்டி இறங்காது. முழங்காலளவு சேற்றில் நின்று நாற்பத்தொருவரும் பாடுகிறோம். வெயில் காலத்துக்குள் இரட்டிப்பு உப்பு எடுக்கலாம்.

உங்கள் அடுத்த மூன்றடிகளுக்குக் காத்திருக்கிறேன்.

சொமோயே


அருஷா
14 ஏப்ரல்

அன்புத் தங்கைக்கு ஸலாம்.

மருத்துவத்தாதி உன் கடிதத்தைச் சேர்ப்பித்துவிட்டாள். நலமாக இருக்கிறேன். கிராம்பெண்ணெய் பயன் தருகிறது. மெரு மலை பத்து நாட்களாக முகங்காட்டவில்லை. சிக்கொண்டிக்குக் காய்ச்சல் வந்து தணிந்தது.

இங்கே விடுதியில் தொழுகையை நான் முன்னின்று நடத்திவந்தேன். இப்போது வேறொருவர் நடத்துகிறார். தொண்டை சரியில்லை.

நான் மார்ச் இறுதியில் ஒரு கடிதம் எழுதினேன். அது ஆற்றங்கரையில் தேங்கியிருக்கலாம். அதில் அவசரம் ஒன்றுமில்லை.

சேற்றில் அதிக நேரம் நிற்காதீர்கள். புதுப் பாத்திகளை இவ்வாண்டே முடிக்க வேண்டுமா என்று ஒருமுறை யோசிக்கலாம். இம்முறை பாட்டு வரவில்லை.

தாவூதி


லிண்டிக் கரை
22 மே

அண்ணனுக்கு ஸலாம். நாங்கள் நலம். மற்றவற்றை எழுதுமுன் இதையாவது முறைப்படி எழுதிவிடுகிறேன்.

வெள்ளம் வடிந்து அஞ்சல் வந்தது. உங்கள் இரு கடிதங்களும் ஒரே பையில், ஒன்றோடொன்று ஒட்டி நனைந்திருந்தன. கொட்டகையில் அனைவரும் கூடினார்கள். மேலே இருந்ததை முதலில் பிரித்தேன். ஏப்ரல் கடிதம் அது. தொண்டை சரியில்லை என்ற இடத்தில் ஸம்தா, “பாவம், மலைக்காத்து,” என்றாள். அடுத்ததைப் பிரித்தேன். நான் எதையும் முன்கூட்டிப் படிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நான்கு நிமிடம் என்ற இடத்தில் தாளைத் தாழ்த்தினேன். “படி,” என்றார்கள். படித்தேன். இயக்குநர் தேநீர் குடித்து முடிக்கும் வரை படித்தேன். படிப்பது என் விருப்பம் என்று எழுதியிருந்தீர்களே, அது கடைசிப் பக்கத்தில் இருந்தது அண்ணா. அதற்குள் படித்தாகிவிட்டது.

கடிதத்தை மடித்தேன். பிறகு ஒருத்தி, “கருவாடு வாங்குறாங்களாமே, நல்லதுதான். உப்பில்லாம எதை வெச்சுக் கருவாடு போடுவாங்களாம்?” என்று கேட்டாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். ஸம்தா மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “மார்ச்சுல உண்மைய எழுதின மனுசன், ஏப்ரல்ல அதுல அவசரமில்லன்னு எழுதியிருக்காரு. எந்தக் கடுதாசி உங்கண்ணன், சொமோயே?”

அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன். மார்ச்சுக் கடிதத்துக்காக உங்களை மன்னித்திருப்பேன். ஏப்ரலில் ஆறு உங்களைக் காப்பாற்றியது என்று நினைத்தீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று பதினோரு பாத்திகளுக்கு வரப்புக் கட்டி முடித்திருந்தோம்.

நான்காம் அடி என்னிடம் இல்லை. நீங்கள் தொழுகைக்கு முன்னே நிற்க அஞ்சினீர்கள். அது நல்ல அச்சந்தான். ஜூன் பதினைந்தில் நிற்க வேண்டிய இடத்தில் நில்லுங்கள். பிறகு எழுதுங்கள்.

சொமோயே


அருஷா
2 ஜூன்

சொமோயேவுக்கு ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. ஸம்தாவின் கேள்விக்கு ஜூன் பதினைந்துக்குப் பிறகே என்னால் விடை எழுத இயலும். இயக்குநர் பதினான்காம் நாள்தான் இவ்வூர் வருகிறார். உறக்கமும் உணவும் முறையாக இல்லை. உன் உப்புத் தகரத்தை மூடி வைத்திருக்கிறேன்.

தாவூதி


அருஷா
17 ஜூன்

அன்புத் தங்கைக்கும், கொட்டகையில் கூடியிருக்கும் பெண்கள் அனைவருக்கும் ஸலாம். இறைவன் உங்கள் கைகளுக்கும் கால்களுக்கும் வலிமை தருவானாக. இக்கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்கப் படிக்க வேண்டுகிறேன்.

பதினான்காம் நாள் இயக்குநரின் அறைக்குச் சென்று நின்றபடியே சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை.

“பயிற்சித்தாளா? மூணு மாசமா சொல்லாம இருந்துட்டு, நாளைக்கு மூடப்போற பட்டியலுக்கு இன்னிக்கு வந்து சொல்றீங்களா?”

“ஆமாங்கய்யா.”

“ஏன் சொல்லல?”

“நீங்க பாராட்டினீங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது.”

அவர் சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கோபத்தைவிடக் கூச்சம் அவருக்கு மிகுதியாக இருந்தது என்று நினைக்கிறேன். பிறகு, நாளை நான் குழுவில் அமர வேண்டியதில்லை என்றும், நேர்ந்ததை மூன்று நாட்டார் முன்னிலையிலும் நானே விளக்கிவிட்டு வெளியேற வேண்டும் என்றும் சொன்னார். அவ்வாறே செய்தேன். என் முறை வந்ததும் எழுந்து, இந்தத் தாள் வகுப்பறைச் சுவரிலிருந்து வந்தது, உப்பை விட்டுக்கொடுக்க எனக்கு எவரும் அதிகாரம் தரவில்லை, பிழை என்னுடையது என்றேன். எதிர்ப்புறத்தில் கட்ஸோவும் அமர்ந்திருந்தாள். அவள் தலைவர் மறுத்தார். இத்தாளை நம்பித்தான் கருவாட்டையும் தேனையும் தங்கள் பட்டியலில் சேர்க்காமல் விட்டதாகவும், எழுதி வந்ததை மாற்றலாகாது என்றும் சொன்னார். அவள் அவர் காதில் ஏதோ சொன்னாள். பின்னர் ஒப்புக்கொண்டார்கள். கருவாட்டுக்கும் தேனுக்கும் திறந்த கதவுகளை மீண்டும் சாத்திவிட்டார்கள். அதன் பின்னரே நான் வெளியேறினேன்.

இடைவேளையில் அவள் என்னிடம் வந்தாள். “எங்க சின்னம்மாவும் உப்பளத்துலதான் பெரியவரே. பாதத்துல உள்ள வெடிப்புல காசையே சொருகி வெக்கலாம். அவங்களுக்காகத்தான் உங்கள்ட்ட கேட்டேன். விளையாட்டுல கேட்டதா நீங்க நெனச்சீங்க,” என்றாள். அவள் தலைவரிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

உப்பு இப்போது பட்டியலில் இருக்கிறது. பத்தாம் இடத்தில் இருக்கிறது. பாத்திகளை முடியுங்கள்.

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். ஏப்ரலில் நிறுத்தியதுபோல் இப்போது நிறுத்தமாட்டேன்.

பட்டியலில் பத்து இடங்கள்தாம். ஒன்று நுழைய ஒன்று வெளியேற வேண்டும். விளையாட்டில் உப்புக்குப் பதிலாகப் பத்தாவதாக நான் எழுதியது தேங்காய்நார்க் கயிறு. இயக்குநர் அதை மூன்று மாதங்களாக வைத்திருந்தார். பங்கானியில் கயிறு திரிக்கும் பெண்களின் சங்கத்துக்கு, உங்கள் கயிறு காக்கப்படும் என்று மாவட்ட அலுவலகம் வழியாகச் செய்தியும் போய்விட்டது. அவர்கள் அதை நம்பி இரண்டு கொட்டகை எழுப்பியிருக்கிறார்கள். உப்புக்காகக் கயிற்றை அடித்தார்கள். அடித்தது என் பேனாவால். அறையில் வேறு பேனா எழுதவில்லை.

பங்கானியில் எனக்கு உறவினர் எவருமில்லை. அங்கே என் கடிதத்தைப் பிரித்துப் படிக்கவும், எந்தக் கடுதாசி நீ என்று கேட்கவும் ஆளில்லை. உப்பு மீண்டதென்று மகிழத் தொடங்கினேன். அந்த மகிழ்ச்சி மாலைத் தொழுகைவரைகூட நிலைக்கவில்லை. நிறுவையை நேராகப் பிடி என்ற கட்டளையை ஐம்பது ஆண்டுகளாக ஓதுகிறேன். ஒரு தட்டில் தங்கையும் மறுதட்டில் அறியாதவரும் இருக்கும்போது அது எப்படிக் கனக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

பயிற்சி முடிந்தது. சான்றிதழ் தந்தார்கள். இனிப் பேருந்தில் நேரே லிண்டிக்கு வர எண்ணியிருக்கிறேன். வரலாமா என்று எழுது. உன் பதிலுக்காக இங்கே காத்திருப்பேன். சீட்டை இன்னும் எடுக்கவில்லை.

உன் அண்ணன்,
தாவூதி


லிண்டிக் கரை
3 ஜூலை

என் அண்ணனுக்கு ஸலாம். நீங்கள் உண்டு உறங்கி நலமாக இருக்க வேண்டும் என்று நாற்பத்தொருவரும் துஆ செய்கிறோம். என் உடல் நலம். பன்னிரண்டாம் பாத்திக்கு நேற்று கடல்நீர் விட்டோம்.

முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தேன். பத்தாம் இடம் என்றதும் குலவையிட்டார்கள்; கயிறு என்றதும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். எங்கள் உப்புச் சாக்குகளை எந்தக் கயிற்றால் கட்டுகிறோம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். மூட்டைகள் எங்களுக்கு எதிரேயே அடுக்கியிருந்தன. ஸம்தா எழுந்துபோய் ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

“அவருக்கு எழுது,” என்றாள். “இப்ப எழுதியிருக்கிறதுதான் உங்கண்ணன்னு எழுது. அப்புறம், லிண்டிக்குப் பேருந்து எங்கயும் ஓடிப்போயிடாதுன்னும் எழுது.”

“வர வேண்டாம்னு எழுதச் சொல்றியா?”

“வரட்டும். வர்ற வழிதான் தப்பு. பங்கானில எறங்கிட்டு வரட்டும்.”

நாங்கள் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். ஆலைக் கயிறு மலிவாக வந்தாலும் எங்கள் சாக்குகளுக்குப் பங்கானிக் கயிறே. எங்களால் முடிந்தது அவ்வளவுதான். இரண்டு கொட்டகைக்கு அது போதாது என்று எங்களுக்குத் தெரியும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர்கள் உங்களைத் திட்டினால் உட்கார்ந்து கேளுங்கள். தேநீர் தந்தால் சர்க்கரையை அவர்களே கலக்கட்டும்.

மார்ச்சில் நீங்கள் விட்டுச்சென்ற மூன்றடிக்கு இப்போதுதான் நான்காவது வந்தது:

பையப்போய்ச் சொல்வீர் பங்கானிக் கரையிலும்.

சொமோயே